அலட்டிக்கொள்ளட்டும், விடுங்கள்

ஒரு வீட்டில் யாருக்காவது 160/100 என்று எழுதிய சீட்டு வந்துவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டுச் சட்டங்கள் மாறிவிடும். தண்ணீர் கேனை அவர் தூக்கக் கூடாது. மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போடக் கூடாது. ரேஷன் கடைக்கு இனி வேறு யாராவது போவார்கள். காலையில் நாலு தெரு சுற்றி வருகிற பழக்கம் இருந்தால் அதுவும் "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்று நின்றுபோகும். அந்தக் கொஞ்ச நாள் முடிந்து நான் பார்த்ததில்லை. "பிரஷர் இருக்குப்பா, அலட்டிக்காதீங்க" என்று மகன் சொல்வான். துபாயிலிருந்து வீடியோ காலில் மகள் சொல்வாள். பார்க்க வந்த சம்பந்தியும் சொல்வார். இத்தனை மாற்றத்துக்கும் நடுவே மேசைமேல் இருக்கும் ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலும் அப்பளக் கட்டும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தத் தடையை யாரும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. பாசத்தில் போடுகிறார்கள். பாசத்தை எதிர்த்து வாதாடுவது சங்கடமான வேலை. ஆனாலும் வாதாட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 31 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கும் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது, வயதுவந்தவர்களில் 35.5 விழுக்காடு. மூன்றில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைக்கும் அறிவுரை சரிதானா என்று பார்க்காமல் விட முடியுமா? சரியில்லை என்பது என் கட்சி. பிரஷர் இருந்தாலும் நடக்கலாம் என்று சலுகை கேட்க நான் வரவில்லை. பிரஷர் இருக்கிறது, ஆகவே நடந்தே தீர வேண்டும் என்கிறேன்.

தடை போடுகிறவர்களின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வோம். நடந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், பிரஷர் ஏறும். இது பொய்யல்ல. உட்கார்ந்திருக்கையில் மேல் எண் 150 உள்ளவருக்கு, வேகமாக நடக்கும்போது அளந்தால் 180-ஐத் தொடலாம். ஏற்கெனவே ஏறிக் கிடப்பதை இன்னும் ஏற்றுவானேன் என்ற கேள்வி நியாயமாகத்தான் படும்.

ஆனால் அதே நேரத்தில் உள்ளே இன்னொரு காரியமும் நடக்கிறது. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகநடையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ரத்தக்குழாய்கள் இருந்தபடியே இருந்திருந்தால் அழுத்தமும் இரட்டித்திருக்க வேண்டும். இரட்டிப்பதில்லை. மேல் எண் 30, 40 கூடுகிறது. கீழ் எண் பெரும்பாலும் அசைவதே இல்லை, சிலருக்குச் சற்று இறங்கவும் செய்யும். வேலை செய்யும் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள சிறு தமனிகள் அகலத் திறந்துகொள்வதே காரணம். பெரும்பாலானவர்களின் உயர் ரத்த அழுத்தத்துக்கு நடுநாயகமாக இருப்பது இந்தச் சிறு தமனிகளின் இறுக்கம்தான். மருந்துக் கடையில் வாங்கும் அம்லோடிபின் மாத்திரை செய்வதும் அவற்றைத் தளர்த்தும் வேலையைத்தான். நடந்து முடித்து, ஆற அமர உட்கார்ந்தபின் அளந்தால் பலருக்குக் கிளம்பும்போது இருந்ததைவிடக் குறைந்திருக்கும். அந்த இறக்கம் பல மணி நேரம் நிற்கும், சிலருக்கு மறுநாள் காலைவரைகூட. ஏறும் அரை மணி நேரத்தை மட்டும் பார்த்துப் பதறுகிறவர், செலவை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்ட கணக்குப்பிள்ளைக்குச் சமம்.

தமனி என்பது தேய்ந்துகொண்டே போகிற உயிரற்ற குழாய், அதைக் குறைவாகப் பயன்படுத்தினால் நாள்பட வரும் என்ற நினைப்புதான் இந்தப் பயத்தின் அடிவேர். கறிக்கடையில் ஆட்டின் இதயத்தை நுரையீரலோடு சேர்த்து வாங்கினால், சில சமயம் அதன் தலைப்பக்கம் வெளிறிய, தடித்த ஒரு குழாய்த் துண்டு ஒட்டிக்கொண்டு வரும். பெருந்தமனியின் அடிப்பகுதி அது. சமைக்கும்போது வெட்டி எறிந்துவிடுவார்கள். எறிவதற்கு முன் இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விரியும்; விட்ட நொடியில் பழைய அளவுக்கு வந்து நிற்கும். செத்த ஆட்டின் தமனியே இப்படி என்றால் உயிருள்ள மனிதனுடையது நாளுக்கு ஒரு லட்சம் தடவை இதைச் செய்கிறது. இதயம் தள்ளும்போது விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். இதயம் ஓயும்போது சுருங்கி அதை முன்னே அனுப்பும்.

அந்த விரிந்து சுருங்கும் குணத்தைத் தருவது எலாஸ்டின் என்ற நார்ப்பொருள். பிறப்பதற்கு முன்பும் குழந்தைப் பருவத்திலும் உண்டாவதுதான் நமக்கு ஆயுள் கையிருப்பு. பிறகு புதிதாக உருவாவது மிகச் சொற்பம். வயதும் உயர் அழுத்தமும் சேர்ந்து அதை அறுக்க அறுக்க, அந்த இடத்தைக் கொலாஜன் என்ற விறைப்பான நார் பிடித்துக்கொள்கிறது. விறைத்த தமனியில் நாடி அலை வேகமாக ஓடும். இளகிய பெருந்தமனியில் நொடிக்கு 5, 6 மீட்டர் வேகம். 10 மீட்டரைத் தாண்டினால் தமனி கெட்டிருக்கிறது என்று ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டு நெறிகள் எடுத்துக்கொள்கின்றன. வேகமாக ஓடிய அலை கீழே கிளைகளில் மோதிச் சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறது. இதயம் இன்னும் தள்ளி முடிக்காத நேரத்தில் எதிரே வந்து முட்டுகிறது. மேல் எண் ஏறுவது இதனால். இதயம் ஓயும் நேரத்தில் கொடுக்கத் தமனியிடம் மிச்சம் இல்லாததால் கீழ் எண் இறங்குகிறது. 170/70 என்று வந்த சீட்டைக் காட்டி, "கீழ எழுபதுதானே, நார்மல்தான்" என்று ஆறுதல் அடையும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதானவரின் சீட்டில் இரண்டுக்கும் நடுவே 100 இடைவெளி விழுந்திருப்பது பெரும்பாலும் விறைப்பின் கையெழுத்து.

இனி அந்தத் தமனியின் உள்பக்க வழவழப்புக்கு வருகிறேன். ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் அங்கே ஒட்டியிருக்கிறது. வெறும் உறை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் அறிஞர் முயலின் பெருந்தமனியைத் துண்டு போட்டு அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தில் நனைத்துப் பார்த்தார். வருடக்கணக்கில் அது சுருங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் உதவியாளர் செய்முறையில் செய்த ஒரு பிசகால் விரிந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், அதுவரை துண்டு போடும்போதெல்லாம் உள்படலம் உரசி உதிர்ந்துபோயிருந்தது! படலம் உயிரோடு இருந்தால் தமனி விரிகிறது, உதிர்ந்தால் சுருங்குகிறது. இதை அவர் 1980-ல் எழுதினார். படலம் சுரக்கும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்தது. 1998-ல் அவரும் இக்னாரோ, முராட் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்தப் படலம் எப்போது சுரக்கும்? ரத்தம் அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும்போது. எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத் தூண்டல். உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்குப் பழுதாகும் முதல் உறுப்புகளில் ஒன்று இந்தப் படலம்தான். அதை வேலை வாங்கும் வழி ரத்தத்தை ஓடவைப்பது. நாம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டுவிடுகிறோம்.

இது வெறும் தத்துவமா, நடைமுறையில் உண்டா என்று கேட்கலாம். ஹிரோஷிமாவில் ஹிகாஷியும் கூட்டாளிகளும் லேசான உயர் அழுத்தம் உள்ளவர்களை 12 வாரம், வாரத்தில் 5 முதல் 7 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடக்கவைத்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஃபர்ச்காட் பயன்படுத்திய அதே அசிடைல்கோலினைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய முன்கை ரத்தக்குழாய்கள் முன்பைவிட நன்றாக விரிந்தன. நடந்தது கால், இளகியது கையின் தமனி.

"அதெல்லாம் சரி, நடுவழியில நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டா?"

உண்மையான பயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் போர்த்திய துணி. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டு "ஜிம்தான் கொன்றது" என்று வாட்ஸ்அப் தீர்ப்பு எழுதியது. ஒரு மரணத்திலிருந்து காரணம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிட்டில்மனும் அவர் குழுவினரும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,228 பேரை விசாரித்து 1993-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, உழைக்காத நேரத்தைவிட எத்தனை மடங்கு? மொத்தத்தில் சுமார் 6 மடங்கு. பார்த்தீர்களா, பயம் நியாயம்தான் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே கூட்டத்தைப் பழக்கப்படி பிரித்தார்கள். வாரத்துக்கு 5 நாளோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவர்களுக்கு 2.4 மடங்கு. வாரத்தில் ஒரு நாள்கூட உழைக்காதவர்களுக்கு 107 மடங்கு.

அந்த 107-ஐ அளவோடு படிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது. சிறியதன் 107 மடங்கும் பெரிதாகிவிடாது. மேலும் இங்கே உழைப்பு என்றது வேகநடையைக்கூட அல்ல, ஓட்டம், மண்வெட்டி வேலை போன்ற கடும் உழைப்பை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். உழைப்பு யாரைத் தாக்குகிறது? உழைத்துப் பழகாதவரை. பாசம் யாரை உருவாக்கிக்கொண்டிருக்கிறது? அதே ஆளை. வருடம் முழுக்க நாற்காலியில் வைத்திருந்துவிட்டுக் கார்த்திகையில் மாலை போட்டுப் பம்பையிலிருந்து மலையேற அனுப்புகிறோம். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்கள் வைக்க வேண்டி வந்தது சும்மாவா? ஐயப்பன் அங்கே குற்றவாளி அல்ல, ஏற்றமும் அல்ல.

ஓய்வு மோகத்தை மக்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவம்தான் கற்றுக்கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் அசையாமல் கிடத்துவதுதான் சிகிச்சை. பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளை முதல் நாட்களிலேயே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து 1952-ல் எழுதினார்கள். உட்காரவைப்பதே அன்று புரட்சி. (லவுன் பின்னாளில் அணுப்போர் எதிர்ப்பு மருத்துவர் இயக்கத்தைச் சேர்ந்து நிறுவியவர், படுக்கையை எதிர்த்துப் பழகியவருக்கு ஏவுகணை பெரிதில்லை போலும்.) 1966-ல் டாலஸில் 20 வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். உடலின் உச்ச உழைப்புத் திறன் கால்வாசிக்கு மேல் சரிந்தது. அதே ஐவரை 30 வருடம் கழித்து, 50 வயதில், மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட மூன்று வார ஓய்வு செய்த சேதம் அதிகம். மருத்துவம் அந்தப் பாடத்தைப் படித்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. நம் சினிமா டாக்டர் இன்னும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே "இவருக்குப் பூரண ஓய்வு தேவை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜெரி மாரிஸின் லண்டன் பஸ் ஆய்வைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு முடியாது. 1953-ல் வந்தது. ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே வர்க்கம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் இரட்டைத்தட்டுப் பஸ்ஸின் படிகளில் நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுவார். கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது, வந்தாலும் பிந்தி வந்தது, வந்தவரை உடனே கொல்வதும் குறைவு. எதிர்த்தரப்புக்கு இதில் ஒரு நல்ல பிடி உண்டு: மாரிஸே பின்னால் சீருடைக் கணக்குகளைப் புரட்டியபோது டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களைவிட இடுப்பு பெருத்தவர்கள் என்று தெரிந்தது. அப்படியானால் படியா காரணம், இடுப்பா? இடுப்பு அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நின்றது. மாரிஸ் 99 வயதுவரை இருந்தார். அதை ஆதாரமாகச் சொல்ல மாட்டேன், ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. "கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாருக்கும் பிரஷர் இருக்கிறதே, அவர் உழைக்காத உழைப்பா?" இதற்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. பிழைப்புக்காகச் செய்யும் பாரவேலை, விருப்பத்துக்குச் செய்யும் நடையைப்போல இதயத்தைக் காப்பதில்லை என்று டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. சிமெண்டு மூட்டை தூக்குகிறவர் மூச்சை அடக்கித் தூக்குகிறார். வெயிலில் எட்டு மணி நேரம் அழுத்தம் ஏறியபடியே இருக்கிறது. இறங்க இடைவெளி இல்லை. தூக்கம் போதாது, கூலி போதாது, சாயங்காலம் டாஸ்மாக், நடுவில் பீடி. அவருக்கு நாம் சொல்ல வேண்டியது "நீங்கள் ஏற்கெனவே உழைக்கிறீர்கள், போதும்" என்பதல்ல. அவருக்குத் தேவை நடையைவிட ஓய்வு நேரமும் கூலியும் சிகிச்சையும். அடுப்படியில் காலையிலிருந்து நிற்கும் பெண்களுக்கும் இந்தக் கணக்குதான். நிற்பது களைப்பைத் தரும், கால் நரம்பைப் புடைக்கவைக்கும். கெண்டைக்காலில் ரத்தம் விரைந்து ஓடாது. "வீட்டு வேலையே போதும்மா" என்று அவர்களை அனுப்பிவிடுவது, நடைக்கு நேரம் ஒதுக்கிக்கொடுக்க மனமில்லாத வீட்டார் கண்டுபிடித்த வசதி.

என் பக்கத்தில் உள்ள ஓட்டைகளையும் வைத்துவிடுகிறேன். ஆரோக்கியமான நடுவயதுக்காரர்கள் மூன்று மாதம் நடந்ததில் கழுத்துத் தமனி இளகியது என்று கொலராடோவில் தனாகாவும் சீல்ஸும் 2000-ல் காட்டினார்கள். ஆனால் மேல் எண் மட்டும் ஏறிக்கிடக்கும் முதியவர்களை மெல்போர்னில் எட்டு வாரம் பயிற்சி செய்யவைத்த சிறு ஆய்வில் பெருந்தமனியின் விறைப்பு அசையவில்லை. எலாஸ்டின் அறுந்தது அறுந்ததுதான். உள்படலமும் சிறு தமனிகளும் சில வாரங்களில் திருந்துகின்றன. பெருந்தமனி திருந்துமா என்பது எவ்வளவு சீக்கிரம் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. இது எனக்குப் பாதகமான சான்றா? "பிரஷர் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் நடக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் பாதகம்.

பளு தூக்குவதில் உள்ள பயத்துக்கும் அடிப்படை உண்டு. கனடாவில் 1985-ல் மக்டூகல் குழுவினர் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தபோது, கால்களால் உச்சப் பளுவைத் தள்ளும் நேரத்தில் அழுத்தம் சராசரியாக 320/250-க்குப் போனது. மூச்சை அடக்குவதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே பிரஷர் உள்ளவர் மூச்சை விட்டபடி, குறைந்த பளுவைத் தூக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்ததுபோல் இரண்டு நிமிடம் நிற்கும் பயிற்சி, மூச்சை அடக்காமல் செய்தால் பிரஷரை நன்றாகவே இறக்குகிறது என்று 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023 அலசல் ஒன்று சொல்கிறது. ஓய்விலேயே 180/110-ஐத் தாண்டி நிற்பவர் முதலில் மருத்துவரைப் பார்த்து அதை இறக்கிக்கொள்ள வேண்டும். நடக்கையில் நெஞ்சை அழுத்துகிறது, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடுகிறது, கண் இருட்டுகிறது என்றால் அங்கேயே நிற்க வேண்டும். அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு நடந்தாலும் நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர் துடிப்பை எண்ணாமல், பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்ற அளவில் வேகத்தை வைத்துக்கொள்ளலாம். நீர் பிரியும் மாத்திரைக்காரர் சித்திரை வெயிலில் கவனமாக இருக்க வேண்டும். இவையெல்லாம் எப்படி நடப்பது என்பதற்கான நிபந்தனைகள். நடக்காதே என்பதற்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டு நடந்தால் போதும் என்று சொல்லும் யூடியூப் வைத்தியர்கள் இதைப் படித்துக் கைதட்டினால் எனக்கு உடன்பாடில்லை. நடை மேல் எண்ணைச் சராசரியாக 5 முதல் 8 வரை இறக்கும். ஒரு மாத்திரையின் வேலைக்குக் கிட்டத்தட்ட வரும். 180-ல் நிற்பவருக்கு அது போதாது. மாத்திரை எண்ணை இறக்கும். நடை அதோடு சேர்ந்து உள்படலத்தையும் சர்க்கரையையும் இடுப்பையும் கவனிக்கும்.

கடைசியாக மருத்துவர்களிடம் ஒரு சண்டை. தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தது. நல்லது. ஆனால் வரிசையில் நூறு பேர் காத்திருக்கும் அறையில், இரண்டு நிமிடத்தில் எழுதப்படும் சீட்டில், அம்லோடிபின் 5 மில்லிகிராம் 1-0-0 என்று அளவு இருக்கிறது, டெல்மிசார்டன் 40-க்கு 0-0-1 என்று அளவு இருக்கிறது. நடைக்கு அளவு இல்லை. "வாக்கிங் போங்க" என்று எழுந்திருக்கும்போது காதில் விழுவதோடு சரி. சில இடங்களில் அதற்குப் பதிலாக "ரெஸ்ட் எடுங்க" என்று விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் இருப்பது நிற்கும், காதில் விழுந்தது சம்பந்தியின் யோசனையோடு கலந்துவிடும். 30 நிமிடம், வாரம் 5 நாள், பேச்சு வரும் வேகம் என்று ஒரு வரி. மாத்திரைக்குக் கீழேயே, அதே பேனாவால். எழுத எத்தனை நொடி ஆகும்?